பிடியரிசியில் எடுத்த படம்

ரோசம்மாள் சீப்பைத் தண்ணீரில் நனைத்துக் கணவனின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். ஆரியங்கோட்டுக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் அவர்களுடைய சின்ன விளை, வீடும் தோப்புமாக. காலை வெயில் இன்னும் முற்றத்துக்கு வரவில்லை. தாசையன் தையல் மெஷினை முற்றத்தில் போட்டு, அதன் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவரே தைத்தது. இரண்டு தோளிலும் தொங்கியது. தைத்தபோது இருந்த உடம்பு இப்போது அவருக்கு இல்லை.

"நேரா பாருங்க. சிரிக்காதீங்க, பல்லு தெரியும்" என்றாள் ரோசம்மாள்.

"தெரியட்டும். பல்லு உண்டும்னு நாலு பேரு அறியட்டும்."

நான் கேமராவின் சாவியைத் திருகி, கண்ணில் வைத்து, பொத்தானை அழுத்தினேன். கிர்ரென்று ஓடியது. ரோசம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒதுங்கி நின்றாள், கையில் சீப்போடு.

கேமராவுக்குள் பிலிம் இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை என் அசட்டுத்தனங்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதிவந்தேன். நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். போன வாரம் ஒரு வாசகர், "ஐயா, எல்லைப் போராட்டத்தைப் படம் பிடித்தீர்களாமே, அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருந்தார். ஏன் எழுதவில்லை என்றால், இதனால்தான். மறைத்து இனி என்ன கிடைக்கப்போகிறது? எழுதிவிடுகிறேன்.

பெரிய மனிதர்களின் வாசல்

எங்கள் பக்கம் ஊர்வலமும் மறியலும் தடியடியுமாக இருந்த வருஷங்கள். மலையாள ராஜ்யத்தில் இருந்த, தமிழ் பேசுகிற தென் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்தில் அதுவே கொஞ்சம் சிக்கல். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு பதில் வரும், ஒரே அடுக்களையில் சண்டையும் வரும்.

நான் அமரவிளையில், செக்போஸ்டுக்குக் கொஞ்சம் தள்ளி, போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், ஞானஸ்நானம், பிணம், எல்லாம் எடுப்பேன். என் கூட்டாளி செல்லையன் பள்ளிக்கூட வாத்தியார். ஊர்வலத்தில் போனதற்காக வேலை போய்விட்டது. ஒருநாள் ஸ்டூடியோவுக்குள் வந்து, ஈரமாகத் தொங்கிய தடியடிப் போட்டோக்களைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எலே, இதப் பாத்து ஒருத்தனும் நம்பமாட்டான். ஆளு நடக்கணும், ஓடணும், விழணும். எல்லையப் பத்தி விசாரிக்க கமிஷன் வருது இல்லியா? அவிய கண்ணு முன்னால ஓட்டிக் காட்டணும். சினிமாவாக்கும் பிடிக்கணும்."

கேமரா எளிதாகக் கிடைத்தது. ரப்பர் எஸ்டேட் மானேஜர் ஒருவர் பொழுதுபோக்குக்கு வாங்கி, பெட்டியில் போட்டு வைத்திருந்த பதினாறு எம்.எம். கேமரா. சாவி கொடுத்தால் ஓடும், சத்தம் பதியாது. "என் பேரு மட்டும் எங்கயும் வரப்பிடாது" என்று சொல்லிக் கொடுத்தார். பிலிம் வாங்கத்தான் வழியில்லை.

பாறசாலையில் ஒரு கொப்பரை வியாபாரியைப் பார்த்தோம். காப்பி கொடுத்தார். "தாறேன். ஆனா ஊர்வலம் என் கடை முன்னால போவணும், போர்டு தெளிவாத் தெரியணும்" என்றார். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல், போராட்டத் தலைவரின் பேச்சு முழுவதும் படத்தில் வர வேண்டும், மற்றதெல்லாம் அலங்காரம் என்றார். போராட்டக் குழுவைச் சேர்ந்த ஒருவர், போலீஸ் அடித்ததைக் காட்டு, நம்ம ஆட்கள் கல் எறிந்ததைக் காட்டாதே என்றார். எனக்கு அந்த வயதில் மூக்கின் மேல் கோபம். "அப்போ நீங்களே எடுத்துக்கிடுங்க" என்று கேமராவை அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். செல்லையன்தான் திரும்பிப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஒரு பிடி

வழி காட்டியது ரோசம்மாள்.

பனச்சமூடு சந்திப்பில் தாசையனுடைய தையல் கடை. ஊர்வலத்துக்குக் கொடி தைத்தது அவர்தான். நாங்கள் கடை வாசலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துப் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்த ரோசம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றாள். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

"கோயிலுக்கு ஒரு பிடி போடுறோம். படத்துக்கு இன்னொரு பிடி போட்டா என்னவாம்?" என்றாள். "கஞ்சியில கொறச்சு தண்ணி கூட விட்டா போச்சு."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அப்படி ஒரு பழக்கம். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிடியரிசி என்று பெயர். ரோசம்மாள் சொன்ன பிறகு பனச்சமூடு, ஆரியங்கோடு பக்கத்தில் வீட்டுக்கு இரண்டு கலயம் ஆயிற்று. இந்து வீட்டுப் பெண்களும் வைத்தார்கள். அவள் சனிக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய் அரிசியை வாங்கிக் ஓலைக் கடவத்தில் சேர்ப்பாள், செல்லையன் கொண்டுபோய் விற்பான். என் படத்துக்கு ஒரு முதலாளி உண்டென்றால் அது அவள்தான்.

பிழையும் அங்கேயே தொடங்கிவிட்டது. கோயிலில் பிடியரிசி கொடுத்த வீடுகளின் பெயரைப் பூசை முடிந்ததும் வாசிப்பார்கள். அதே பழக்கத்தில் பெண்கள் கேட்டார்கள்: "படத்துல எங்க பேரு வருமா?" எழுத்துப் போட எங்களிடம் ஏது வசதி? செல்லையன் வாய் சும்மா இருக்கவில்லை. "பேரு என்னத்துக்கு? ஆளே வரும். அரிசி போட்ட வீட்டுல ஒரு முகமாவது படத்துல வரும்" என்று சொல்லிவிட்டான். எனக்கும் அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரு ரோல் வாங்க ஊர்ப் பெண்கள் எல்லாரும் மாதம் முழுக்க அரிசி போட வேண்டும். அந்த ரோல் மூன்று நிமிஷம்கூட ஓடாது. முகங்களை எடுத்துக்கொண்டிருந்தால் போராட்டத்தை எதில் எடுப்பது?

ஒருநாள் ஒரு வீட்டில் ரோல் தீர்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் கோட்டுப் போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறார். "தீர்ந்துபோச்சு" என்று சொல்ல வாய் வரவில்லை. சாவியைத் திருகி வெறும் கேமராவை ஓட்டினேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு கூச்சம் போய்விட்டது. ஆறேழு வீட்டில் அப்படி ஓட்டியிருப்பேன். செல்லையனிடம்கூடச் சொல்லவில்லை.

சாளைக்கு அடியில்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. போலீஸ் என்னைக் கண்டால் பையைப் பிரித்துப் பார்த்துவிடும். எடுத்த ரோல்களை அமரவிளை செக்போஸ்டைத் தாண்டிக் கொண்டுபோனது பிலோமினாள் என்ற மீன்காரி. கடற்கரையிலிருந்து தினமும் தலைச்சுமையாக வருவாள். ரோல் டப்பாவை வாழையிலையில் சுற்றிச் சாளை மீனுக்கு அடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். அங்கிருந்து செல்லையன் மதராஸுக்குப் பார்சல் அனுப்புவான். விற்காத மீன் என்று போலீஸ்காரன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். மதராஸில் பிலிம் கழுவுகிற இடத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: உங்கள் டப்பாவைத் திறக்க ஆள் மறுக்கிறார்கள் என்று.

அவளுக்குக் கூலி கொடுக்கப் போனேன். "இதுக்குப் போயி பைசாவா? சாறுக்கு வேற வேல இல்லியா?" என்று விரட்டிவிட்டாள். எங்கள் பக்கம் சார் என்பதைச் சாறு என்றுதான் சொல்வார்கள். இப்படிப்பட்ட மனிதர்களின் தயவில் எடுத்த படத்தில்தான் நான் வெறும் கேமராவை ஓட்டினேன்.

தையல்காரரின் காது

தாசையனுக்கு மெஷின் சத்தம் என்றால் உயிர். கடையில் நான் உட்கார்ந்திருந்த ஒருநாள், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு தையல்காரன் மும்முரமாக மிதித்துக்கொண்டிருந்தான். தாசையன் தலையைத் தூக்காமலே கத்தினார்: "எலே, நூலு அறுந்தாச்சு. சும்மா கெடந்து சவிட்டாதே!" அவன் குனிந்து பார்த்தான். அறுந்துதான் இருந்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அந்த மனிதரை ஒரு மறியலில் பிடித்துக்கொண்டு போனார்கள். கொடி தைத்தவன் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். சில நாள் கழித்து விட்டார்கள். நெஞ்சில் அடி. நடந்து வந்தார், சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் இருமல் நிற்கவில்லை. பிறகு இருமலில் இரத்தம். வைத்தியர் ரோசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவள் என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அவிய படம் ஒண்ணு வீட்டுல இல்ல, சாறே. கல்யாணத்துக்கும் எடுக்கல்ல. பிள்ளைங்களும் இல்ல, முகம் பாத்துக்கிட. சினிமாவுல ஒரு பக்கத்துல வந்தா மதி. நடக்கணும், கையும் காலும் அனங்கணும். எனக்கு அவிய அனங்குறதைப் பாக்கணும்."

அவள் எனக்காகக் கேட்டு வாங்காத வீடு இல்லை. தனக்காகக் கேட்டது இது ஒன்றுதான். "நாளைக்கே வாறேன்" என்றேன்.

என்னிடம் அன்று மிச்சம் ஒரே ரோல். சீல் உடைக்காத டப்பா. அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் பெரிய ஊர்வலம், தலைவர் பேசுகிறார். அது இல்லாமல் படமே இல்லை என்று செல்லையன் சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாசையனுக்குச் சாவகாசமாக அடுத்த ரோல் வாங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வைத்தியர் சொன்னது எனக்கும் தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

போட்டோக்காரன்தானே, ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஸ்டூடியோவில் முக்காலியில் நின்ற பெட்டிக் கேமராவை ஒருநாள் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று இருந்தேன். இருந்ததோடு சரி.

அந்தக் காலை

சீவி முடிந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். தாசையன் ஒரு துண்டுத் துணியை ஊசிக்கடியில் கொடுத்து மெஷினை மிதிக்கத் தொடங்கினார். அவர் மெஷின் ஓடுகிறது, என் மெஷின் ஓடுகிறது. முற்றத்தில் வேறு சத்தமில்லை.

திடீரென்று அவர் காலை நிறுத்தினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கன்னு சொன்னேன் இல்லியா?" என்று ரோசம்மாள் அதட்டினாள்.

"சாரமில்ல, போட்டும்" என்றார். பிறகு என்னிடம், "மதி சாறே. ஸ்பிரிங்கு தேஞ்சு போவும். வச்சிருங்க, ஊர்வலத்துக்கு வேணும்" என்றார்.

நல்ல மனிதர், என் சிரமம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரோசம்மாள் அவித்த கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வாய் திறந்து மூடும் தலைவர்

கடைசி ரோலின் கதையையும் கேளுங்கள். ஊர்வலம் நெய்யாற்றின்கரைக்குள் வந்தபோது மழை இருட்டு. வெளிச்சம் போதவில்லை. மேடையில் மட்டும் விளக்கு இருந்தது. ரோல் முழுவதையும் தலைவரின் பேச்சுக்கே செலவழித்தேன். அபாரமான பேச்சு. ஜனங்கள் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

சத்தம் பதியாத கேமராவில் பேச்சை எடுத்தேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. செல்லையனுக்கும் உறைக்கவில்லை. பேச்சுக்கு மயங்கிய கூட்டம் நாங்கள். மதராஸிலிருந்து கழுவி வந்த ரோலை இரவல் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தால், ஒரு மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். கையை ஆட்டுகிறார். தண்ணீர் குடிக்கிறார். அவ்வளவுதான்.

இதற்குள் தாசையன் போய்விட்டார். மழைக்காலம் முடிவதற்கு முன்னாலேயே.

முதல் காட்சி பனச்சமூட்டில், அரிசி மில்லில். அங்கேதான் என்ஜினும் டைனமோவும் இருந்தன. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தவிட்டு வாசனைக்கு நடுவில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஓட்டினோம். ஜனங்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக் கூச்சல் போட்டார்கள். தலைவர் வந்தபோது மட்டும் ஒருவன், "என்னவாக்கும் பறையுறாரு? சத்தமாப் பறையச் சொல்லுடே!" என்றான். செல்லையன் எழுந்து அந்தப் பேச்சைத் தானே சொல்ல முயன்றான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவனுக்கு ஞாபகமில்லை.

ரோசம்மாள் முன்வரிசையில், வெள்ளைச் சேலையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் முடியும்வரை கண்ணெடுக்கவில்லை. எல்லாரும் போன பிறகு எழுந்து வந்தாள். அவள் கேட்பதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"அந்த ரோலு மதராஸ்ல கெடக்கு. அடுத்த தடவை வந்திரும்."

"செரி, சாறே" என்றாள். தங்கள் முகத்தைக் காணாமல் வந்து கேட்ட மற்ற வீட்டாருக்கும் இதே பொய்யைத்தான் சொன்னேன்.

அமரவிளையில் காட்டினோம். அவள் நடந்து வந்தாள், நாலைந்து பெண்களோடு. பாறசாலையில் காட்டினோம். அங்கேயும் வந்தாள். அவ்வளவு தூரம்! ஒரு பெண் அவளிடம், "எக்கா, தாசையண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "வருவாவ. மெட்ராஸ்ல கழுவிட்டு இருக்காவ" என்று சொன்னாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இப்படி நம்புகிறாளே என்று நினைத்தேன்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கமிஷன் வந்தபோது செல்லையன் டப்பாக்களைச் சுமந்துகொண்டு போனான். மனு இருந்தால் கொடுங்கள், படம் பார்க்க நேரமில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு எல்லை கிழித்தார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. ரோசம்மாளின் விளையும் கேரளத்தில்தான். பிடியரிசிப் படத்தைப் பார்க்க அதன் பிறகு யாருக்கும் மனசு வரவில்லை.

படியேறிப் போனது

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சொல்லிவிடுவது என்று ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அதே முற்றம். தாசையனின் மெஷினில் அவள் ஒரு பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

நின்றபடியே சொன்னேன். "மதராஸ்ல ரோலு ஒண்ணும் இல்ல. அண்ணைக்கு கேமராவுக்குள்ள பிலிமே இல்ல. நான் உங்கள ஏமாத்திட்டேன்."

"அறியும், சாறே."

எனக்குப் புரியவில்லை. அவள் மெஷின் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணைக்கு நீங்க படி இறங்கினதுமே அவிய சொன்னாவ. 'அது வெறும் மெஷினாக்கும் ஓடினது, ரோசம்மா. ஏதாவது வச்சு ஓட்டுற சத்தமும் வைக்காம ஓட்டுற சத்தமும் எனக்குத் தெரியாதா?'ன்னு. எனக்கு ஆத்திரம் பொறுக்கல்ல. பின்னால ஓடிவந்து உங்கள நாலு வார்த்த கேக்கணும்னு எழும்பினேன். கையப் பிடிச்சு இருத்திட்டாவ. 'ஊருல ஒருத்திட்டயும் பறையாதே. அறிஞ்சா கலயத்தைக் கமத்திருவாளுவ. படம் நின்னுபோவும்'னாவ."

"பிறகு எதுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் நடந்து வந்தீங்க?"

"நான் வராம இருந்தா மத்தவளுவ ஏன்னு கேப்பாளுவ இல்லியா? அரிசி வாங்கினது நானாக்கும்."

பாவாடையின் மடிப்பை விரலால் நீவினாள். பிறகு, "வேற வீட்டுலயும் இப்பிடி ஓட்டினீங்களா?" என்றாள்.

"ஆமா."

"அங்க போயி சொல்லாதீங்க. அவளுவ நம்பிட்டுப் போட்டும்."

சொல்லவில்லை. கலயம் வைத்த பெண்களில் இன்று யாரும் இல்லை. ரோசம்மாளும் போய் வருஷமாயிற்று. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். சாளை வாசனை போகாத அந்த டப்பாக்கள் என் பரணில் இருக்கின்றன. உள்ளே பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் புளித்துக் கிடக்கிறது. பிரித்தால் தலைவர் வாய் திறந்து மூடுவார்.

அன்று என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். ரோசம்மாள் மெஷின் பக்கம் குனிந்தாள். ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் தடவை தவறிவிட்டது, மறுபடி கோத்தாள். நான் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றபோது, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ஒண்ணு மட்டும் உண்டு, சாறே. உள்ள ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். சத்தம் கேட்டதும் அவியளுக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு மட்டுந்தான் தெரியாது. சீப்பை நனைச்சு நனைச்சு நான் தலை சீவி விட்டேன்."